நூலா, நிறமா, தாயமா, கட்டமா: ஒரு வாசகசாலைச் சுவருக்கான ஒப்பீடு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் வாசகசாலைக்குப் புதிதாக ஒரு கூடம் கட்டப்பட்டிருக்கிறது. அதன் மேற்குச் சுவர், 18 அடி நீளமும் 8 அடி உயரமுமாக, ஓர் ஓவியத்துக்கென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது. அங்கே வரப்போவது அரூப ஓவியமாக இருக்க வேண்டும் என்பதிலும், விதியும் மனித உறவும் அதன் பொருளாக அமைய வேண்டும் என்பதிலும் நிர்வாகக் குழுவில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டார்கள். எந்தக் குறியீட்டைக் கொண்டு அதைச் சொல்வது என்பதில்தான் பிரிந்து நிற்கிறார்கள். நான்கு முன்மொழிவுகள் மாதிரிப் பலகைகளோடு வந்திருக்கின்றன. குழு கேட்டுக்கொண்டபடி அவற்றை ஒப்பிட்டு நான் எழுதிக் கொடுத்த குறிப்பை, பொது இடத்துக்கு ஓவியம் தேடும் பிற ஊர்க்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று சற்று விரித்து இங்கே தருகிறேன்.

பொருள் தேர்வானதற்குக் காரணம் புறநானூற்றின் 192ஆம் பாட்டு. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதல் அடியை மேடைதோறும் கேட்டுப் பழகிய நாம், அதே பாட்டின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். கல்லில் மோதி இரைந்து இறங்கும் பேராற்று நீரின் போக்கில் செல்லும் புணையை, அதாவது தெப்பத்தைப் போல உயிர் முறைவழியே செல்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தக் காரணத்தாலேயே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று கணியன் பூங்குன்றனார் முடிக்கிறார். விதி என்று ஒன்று இருக்கிறது, ஆகவே அடங்கிக் கிட என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே வெள்ளத்தில் போகிறவர்கள் என்றான பிறகு மேல் என்றும் கீழ் என்றும் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார். விதியிலிருந்து உறவுக்குப் போகும் இந்தத் தருக்கத்தையே நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். சுவரில் வரும் குறியீடு மனிதர்களைச் சேர்த்து வைக்கும் காரணமாக விதியைக் காட்டுகிறதா, பிரித்து வைக்கும் காரணமாகக் காட்டுகிறதா? பக்கத்தில் விளக்க அட்டை மாட்டாவிட்டாலும் அது பார்ப்பவருக்கு எட்டுமா? இந்த இரண்டு கேள்விகளையும் நான்கு பலகைகளிடமும் கேட்டுப் பார்த்தேன்.

உருவ ஓவியம் ஏன் வேண்டாம் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கும் இடம் இது. ஒரு பெண்ணை வரைந்தால் புடவையா முண்டும் நேரியதுமா, நெற்றியில் சந்தனமா குங்குமமா அல்லது ஒன்றும் இல்லையா என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். மலம்புழை அணைப் பூங்காவில் 1969இல் கானாயி குஞ்ஞிராமன் அமைத்த யட்சி சிலைக்கு எழுந்த எதிர்ப்பை இம்மாவட்டத்து மூத்தவர்கள் மறக்கவில்லை. இன்று அதே சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்பும் சுற்றுலாக் குடும்பம் இல்லை என்பது வேறு கதை. எங்கள் குழுவுக்கு அவ்வளவு காலம் பொறுத்திருக்கும் தெம்பு கிடையாது.

முதல் முன்மொழிவு சிவப்பு நூல். மாதிரிப் பலகையில் வெளிர் சாம்பல் தளத்தின் மேல் நூற்றுக்கணக்கான மெல்லிய சிவப்புக் கோடுகள் இரண்டு கரிய திட்டுகளுக்கிடையே ஓடுகின்றன. சில பாதி வழியில் முடிச்சாகத் திரண்டு நின்றுவிடுகின்றன. பார்த்தவுடன் பிடித்துப்போகும் பலகை இது, குழுவின் இளைஞர்களில் பலரும் இதன் பக்கம்தான். இதன் வேர் கிழக்காசியக் கதையில் இருக்கிறது. திருமணத்தில் சேர வேண்டியவர்களின் கால்களை நிலவடியில் அமர்ந்த முதியவர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் கயிற்றால் பிணைத்து வைக்கிறார் என்பது சீனக் கதை. ஜப்பானில் அந்த நூல் சுண்டுவிரலுக்கு மாறியது. ஒசாகாவில் 1972இல் பிறந்த சிஹாரு ஷியோட்டா இந்த நூலை உலகக் கலைக்கூடங்களுக்குக் கொண்டு சென்றவர். 2015இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியின் ஜப்பான் அரங்கில், கூரை முழுவதும் சிவப்பு நூல் வலை பின்னி, அதிலிருந்து மக்கள் கொடுத்த பழைய சாவிகளை ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டு, கீழே இரண்டு பழைய படகுகளை வைத்தார். புறநானூற்றுப் புணையை மனத்தில் வைத்துப் பார்க்கும் நமக்கு அந்தப் படகுகள் ஏதோ தெரிந்தவை போலவே தோன்றும்.

ஆனால் அது இடத்தை நிரப்பும் அமைப்புக்கலை, ஓவியம் அன்று. அங்கே பார்வையாளர் நூலுக்குள்ளேயே நடக்கிறார், தலைக்கு மேல் சாவிகள் தொங்குகின்றன. அதே நூலைத் தட்டையான பரப்பில் வரைந்ததும் அது வெறும் படவிளக்கமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு: இரண்டு திட்டு, நடுவில் கோடு, ஆகவே உறவு. கோட்டைக் கொண்டே உறவைச் சொன்ன அரூபக் கலைஞர்கள் இதைவிட நுட்பமாகச் சொல்லியிருக்கிறார்கள். கராச்சியில் 1937இல் பிறந்து, 1972 முதல் பரோடாவில் கற்பித்து, 1990இல் மறைந்த நஸ்ரின் முகமதியின் மை, பென்சில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன, சாய்கின்றன, விலகுகின்றன. பல இடங்களில் தொடுவதே இல்லை. தொடாமல் அருகே செல்வதும் ஓர் உறவுதான் என்பது அவற்றின் முன் நின்றால் புரியும். அடிஸ் அபாபாவில் 1970இல் பிறந்த ஜூலி மெஹ்ரெத்து நகரங்களின் கட்டட வரைபடங்களை அடியில் வைத்து அவற்றின் மேல் கூட்டங்களைப் போலச் சுழலும் கீறல்களை இடுகிறார். அங்கே தனிமனிதனின் போக்கு கூட்டத்தின் போக்கில் கரைந்துபோவதைக் காண முடிகிறது. எங்கள் பலகையில் இந்த நுட்பம் எதுவும் இல்லை. முடிச்சு என்றால் பிணைப்பு, அறுந்தால் பிரிவு என்று அது அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நூல் சும்மா கிடக்கும் பொருள் இல்லை. பூணூல் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை வைத்தே ஒரு காலத்தில் தெருக்கள் பிரிந்திருந்தன. தாலிக்கயிறு கட்டியவள், அறுத்தவள் என்று ஒரு பெண்ணை நிறுத்தும் இடம் மாறியது. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து எந்தக் கோயில், எந்தக் கட்சி என்று இன்றைய பையன்களே ஊகிக்கிறார்கள். ஜப்பானியச் சுண்டுவிரல் நூலின் கள்ளமின்மை எல்லை கடந்து வரும்போது கூடவே வருவதில்லை. 18 அடிச் சுவரில் சிவப்பு நூலைப் பார்க்கும் எங்கள் ஊர்க்காரருக்கு ஷியோட்டா நினைவுக்கு வரமாட்டார். அவரவர் வீட்டு வாசலில் தடுக்கப்பட்டதோ தடுத்ததோ நினைவுக்கு வரும். எனது அளவுகோலின் முதல் கேள்வியிலேயே நூல் தோற்றுவிடுகிறது.

இரண்டாவது, நிறவெளி. கோடும் குறியும் இல்லாமல், பெரிய நிறப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று கசிந்து பரவும் ஓவியம். இந்த வழிக்கு எங்கள் மாவட்டத்திலேயே பெயர் சொல்லக்கூடிய ஒரு முன்னோடி இருக்கிறார். பாரதப்புழைக் கரையில் இருக்கும் கூடல்லூரில் 1945இல் பிறந்து, பொறியியல் படித்து, சென்னையில் வாழ்ந்து, 2022இல் அங்கேயே மறைந்த அச்சுதன் கூடல்லூர், உருவங்களில் தொடங்கிப் பிறகு நிறத்தை மட்டுமே நம்பி வரைந்தவர். மலையாள ஊரும் தமிழ் நகரமுமாகக் கழிந்த வாழ்க்கை என்பதால் எங்கள் சுவருக்கு அவர் வழி இயல்பாகப் பொருந்தும் என்பது முன்மொழிந்தவரின் வாதம். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவையும் அவர் துணைக்கு அழைத்திருக்கிறார். துயரம், பேரானந்தம், அழிவு என்ற அடிப்படை உணர்ச்சிகளைச் சொல்வதே தன் வேலை என்று கருதிய ராத்கோவின் ஓவியங்களில் விதி குறியாக வருவதில்லை, எடையாக வருகிறது. இந்திய ஓவியர் வி.எஸ். கெய்தொண்டே (1924-2001) உருளையாலும் கத்தியாலும் நிறத்தை இட்டு, நீக்கி, மீண்டும் இட்டு உருவாக்கிய பரப்புகளிலும் கை திட்டமிட்டது எது, நிறம் தானாகச் செய்துகொண்டது எது என்று பிரித்துச் சொல்வது கடினம். விதியைப் பற்றிய பேச்சில் இதைவிட நேர்மையான நிலை வேறில்லை என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனாலும் இந்தச் சுவருக்கு வேண்டாம் என்கிறேன். நிறவெளி ஓவியம் ஒரு மனிதரைத் தனியாக நிறுத்திப் பேசும். உறவு அங்கே பார்ப்பவருக்கும் ஓவியத்துக்கும் இடையில் பிறக்கிறது, பார்ப்பவர்களுக்கு இடையில் பிறப்பதில்லை. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், செய்தித்தாளுக்குச் சண்டை போடும் பெரியவர்களும், மின்விசிறிச் சத்தமும் நிறைந்த கூடத்தில் அது நன்றாகத் தேர்ந்தெடுத்த சுவர்வண்ணமாகவே கடைசியில் எஞ்சும். வெளிச்சமும் ஒரு பிரச்சினை. ஹியூஸ்டன் நகரில் 1971இல் திறக்கப்பட்ட ராத்கோ வழிபாட்டுக் கூடத்தில் அவருடைய 14 ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே கூரைச் சாளரத்தின் வழியே இறங்கிய டெக்சாஸ் வெயில் ஓவியங்களுக்கு ஒவ்வாமல் போய், தடுப்புகள் வைத்துப் பார்த்து, கடைசியில் 2020இல் முடிந்த சீரமைப்பில்தான் ஓரளவு சரிசெய்தார்கள். மாசி, பங்குனியில் எங்கள் ஊர் வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதே வரிசையில் ஓவியர் எஸ்.எச். ரஸாவின் பிந்துவைப் போல ஒற்றைக் கரும்புள்ளி போதும் என்று வந்த யோசனையைக் குழுவே தள்ளிவிட்டது. புள்ளி தோற்றத்தைச் சொல்லும். இருவரைப் பற்றிப் பேச அதற்கு இன்னொரு புள்ளி வேண்டும்.

மூன்றாவது முன்மொழிவு கொஞ்சம் விளையாட்டானது, ஆகவே கவனமாகப் பார்க்க வேண்டியது. சுவரை ஓர் அடிச் சதுரங்களாகப் பிரித்தால் 144 சதுரங்கள் கிடைக்கும். வாசகசாலை உறுப்பினர் ஒவ்வொருவரும் தாயக்கட்டைகளை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணுக்குரிய நிறம் அவருடைய சதுரத்துக்கு. யாருடைய நிறம் யார் பக்கத்தில் அமையும் என்பதை யாரும் தீர்மானிக்க முடியாது. முன்மொழிந்தவர் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரைச் சுட்டுகிறார். 2007இல் கொலோன் பேராலயத்தின் தெற்குச் சாளரத்துக்கு ரிக்டர் 72 நிறங்களில் 11,000க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்களைப் பொருத்தினார். எந்த நிறம் எங்கே என்பதைக் கணினி தற்செயல் முறையில் எடுத்துக் கொடுத்தது. சில பகுதிகளைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி அமைத்ததும் உண்டு. அந்நகரத்துப் பேராயருக்கே அது பிடிக்கவில்லை. புனிதர்களின் உருவம் இருக்க வேண்டிய இடத்தில் நிறச் சதுரங்களா என்ற கேள்வி எழுந்தது. தற்செயலைக் கடவுளின் வீட்டுக்குள் கொண்டுவந்தது சிலருக்குப் பக்தியாகவும் சிலருக்கு அவமதிப்பாகவும் தெரிந்திருக்கிறது.

எங்களுக்கு இதில் புதுமை குறைவு. சோழி உருட்டிப் பிரசன்னம் பார்க்கும் நாட்டில் இருக்கிறோம். சோழிகளின் கணக்கு எப்படி அமைந்தது என்ற தற்செயலை வைத்துத்தான் கோயில் கொடிமரம் எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை முடிவு செய்கிறார்கள். தாயம் அதே தற்செயலைத் திண்ணைக்கு இறக்கிவிடுகிறது. அங்கே சோதிடர் இல்லை, எல்லோரும் உருட்டலாம். புறநானூற்றுப் பாட்டின் சமத்துவம் இந்த முறையில் செயலாகவே நடந்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வாசகசாலைச் செயலாளருக்கும் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் ஒரே ஒரு சதுரம்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சங்கதி தெரியவருகிறது. எங்கள் பக்கத்துப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. ஆக ஏழு எண்களுக்கு ஏழு நிறங்கள். கட்டைகள் விழும் 16 வகைகளில் மூன்று என்ற எண் 4 வகையில் வரும். இரண்டும் நான்கும் மும்மூன்று வகையில், தாயம் என்னும் ஒன்றும் ஐந்தும் இரண்டிரண்டு வகையில், ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகையில் மட்டுமே வரும். 144 சதுரங்களில் சுமாராக 36 சதுரம் மூன்றின் நிறத்தில் இருக்கும், ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்பது ஒன்பதுதான் மிஞ்சும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று முதலில் பட்டியல் போடுகிறவரே சுவரில் கால்பங்கு எந்த நிறம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறார். விதியின் கையில் விட்டோம் என்று சொல்லிக்கொண்டே பட்டியலை நம் கையில் வைத்திருப்பது, யோசித்துப் பார்த்தால், உலகத்தில் பல இடங்களில் நடப்பதுதான். ஓவியம் இதையும் சேர்த்துச் சொல்லுமானால் அது சிறந்த ஓவியமாக இருக்கும்.

சொல்லாது என்பதே என் தயக்கம். உருட்டும் நாளில் கூடம் களைகட்டும், சந்தேகமில்லை. அதன் பிறகு வருகிறவர் பார்ப்பது ஏழு நிறச் சதுரங்களை. அவற்றின் பின்னால் தாயம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்ல ஓர் அட்டை மாட்டியாக வேண்டும். கொலோனில் வெயில் ஏறி இறங்கும்போது கண்ணாடிச் சதுரங்களின் ஒளி கல்தரையில் நகர்கிறது. தற்செயலுக்கு அங்கே சூரியன் உடந்தை. சுவரில் பூசிய சதுரங்களுக்கு அந்த உதவியும் கிடையாது. விதி செய்முறையில் மட்டும் இருந்து பரப்பில் இல்லாமல் போகும் ஓவியம் எனது இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுகிறது.

நான்காவது, கட்டமும் எழுத்தும். இதுதான் என் தேர்வு என்பதை முன்னமே சொல்லிவிட்டு, அதற்கு எதிரான வாதங்களையும் மறைக்காமல் வைக்கிறேன்.

இதன் ஊற்று கே.சி.எஸ். பணிக்கர். மலையாளக் குடும்பத்தில், 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். மாநில எல்லையான வேலந்தாவளம் தாண்டினால் எங்களுக்கு அந்த ஊர்தான். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கி, 1977இல் மறைந்தார். 1963இல் அவர் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். முதலில் கணிதக் குறிகளும் ரோமன் எழுத்துகளும் வந்தன, பிறகு அந்த இடத்தை மலையாள எழுத்தின் சாயல் கொண்ட வரிகள் பிடித்துக்கொண்டன. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவருக்கென்று தனிக் கூடம் இருக்கிறது; குழுவினர் முடிவெடுக்கும் முன் ஒருமுறை போய் வருவது நல்லது. வெளிறிய தளம். கணக்கேட்டின் பக்கம் போல அதைப் பிரிக்கும் கோடுகள். ஜாதகக் கட்டங்கள், மீன், பாம்பு, பறவை போன்ற சிறு குறிகள். அவற்றைச் சுற்றி எறும்பு ஊர்வது போல நெருக்கமாக எழுத்து. அருகே போய்ப் படிக்க முயன்றால் கண் ஒவ்வொரு எழுத்தாகத் தாவுமே தவிர, வாக்கியம் எதுவும் கைக்கு வராது. மலையாளம் படித்தவருக்கும் அதே கதிதான்.

எங்கள் கூடத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு இந்தக் கடைசிச் செய்தியே காரணம். எழுத்துதான் எங்கள் வாசகசாலையை இரண்டாகப் பிரிக்கும் ஒரே பொருள். தமிழ் நூல்கள் ஒரு பக்கத்து அலமாரியில், மலையாள நூல்கள் மறுபக்கத்தில். இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்றாலும், பேச வரும், படிக்க வராது என்கிறவர்களே அதிகம். எழுத்தே தெரியாத மூத்தவர்களும் மாலையில் வந்து, பக்கத்தில் இருப்பவரைச் செய்தி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எவருக்கும் படிக்கக் கிடைக்காத எழுத்தின் முன்னால் இவர்கள் அனைவரும் ஒரே படியில் நிற்பார்கள். தலையில் எழுதியிருக்கிறது என்று காலங்காலமாகச் சொல்லிவரும் மக்களுக்கு, எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் யாராலும் படிக்க முடியாது என்ற நிலையை விளக்க அட்டை எதற்கு? இது என்ன எழுத்து என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், அவரும் தெரியாது என்பார், அங்கிருந்து பேச்சு தொடங்கும். நிறவெளி ஓவியத்தில் கிடைக்காது என்று நான் சொன்ன உறவு, பார்ப்பவர்களுக்கு இடையில் பிறக்கும் உறவு, இதில் கிடைக்கிறது.

ஜாதகக் கட்டத்தின் வடிவமும் இரு மொழியாருக்கும் பொது. நாலுக்கு நாலாகப் போட்டு நடுவில் நான்கை நீக்கினால் எஞ்சும் பன்னிரண்டு வீடுகள். உள்ளே இடும் எழுத்து மட்டுமே வேறு. பீரோவின் மேல்தட்டில் துணிப்பைக்குள் சுருட்டி வைத்த அந்தத் தாள் இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு.

எதிர்வாதங்களில் வலுவானது, வாசகசாலைச் சுவரில் ஜாதகமா என்ற கேள்வி. பகுத்தறிவு பேசும் உறுப்பினர்கள் எழுப்பினார்கள், அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜாதகம் எங்கள் பக்கத்தில் குறியீடாக அல்ல, கருவியாக வேலை செய்கிறது. செவ்வாய் தோஷம் என்று ஒருவர் சொல்லிவிட்டதால் முப்பது வயதைத் தாண்டியும் வீட்டில் நிற்கும் பெண்களை எல்லோருக்கும் தெரியும். வேண்டாத சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கப் பொருத்தம் இல்லை என்பதைவிடக் கைக்கு எளிய பொய் கிடையாது. சாதியைச் சொல்லத் தயங்குகிற இடத்தில் நட்சத்திரத்தைச் சொல்கிறார்கள். நூலைப் பிரிக்கும் பொருள் என்று தள்ளிய நான் கட்டத்தை ஏற்பது முரண் இல்லையா என்று கேட்டால், கேள்வி நியாயமே.

என் விடை இது. ஜாதகம் பிரிப்பதெல்லாம் அது ஓர் ஆளுடையதாக இருக்கும்போதுதான். பெயர், பிறந்த நேரம், கிரகங்களின் இடம் என்று நிரப்பப்பட்ட பிறகுதான் அதைக் கொண்டு ஒருவரை ஒதுக்க முடியும். பணிக்கரின் கட்டங்கள் யாருடைய பிறப்பையும் குறிப்பவை அல்ல. ஆளை நீக்கிவிட்ட ஜாதகத்தைக் கொண்டு எந்தக் கல்யாணத்தையும் நிறுத்த முடியாது. நூலுக்கு இந்த வழி திறந்திருக்கவில்லை. வரைந்த நூல் எவ்வளவு அரூபமானாலும் கட்டும் வேலையை விடுவதில்லை, வெற்றுக் கட்டமோ வேலையிழந்து நிற்கிறது. அப்படி நிற்கும்போதுதான் அதன் வடிவ அழகு கண்ணில் படுகிறது, பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி இருப்பதும் தெரிகிறது. ஆகவே கட்டத்துக்குள் கிரக எழுத்துகள் எந்த மொழியிலும் வரக் கூடாது என்பதை ஓவியருக்கு முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை, பணிக்கரை நகல் எடுக்கக் கூடாது. மாதிரிப் பலகையில் அவருடைய மீனும் பாம்பும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. அது மரியாதையாகத் தெரியலாம், ஆனால் அறுபது ஆண்டுக்கு முன் ஒருவர் கண்டுபிடித்ததை நாம் கடன் வாங்கி மாட்டுவதாகும். ஒரு மாணவரின் குறிப்பேட்டைப் பார்த்துப் பணிக்கருக்கு வழி திறந்தது என்பார்கள். நம் ஓவியரும் நம் ஊரின் குறிகளைத் தேடட்டும். நெல் அளக்கும்போது மரக்கால் எண்ணிக்கைக்குச் சுவரில் இடும் கரிக்கோடுகள், சூளைச் செங்கல்லில் பதிந்த எழுத்து, சோதனைச்சாவடி முத்திரைகள், மாட்டின் தொடையில் இட்ட சூடு என்று எத்தனையோ கிடக்கின்றன.

அவற்றுள் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முன்பு வீடுவீடாகத் துணி எடுத்துப் போன சலவைத் தொழிலாளர்கள், சேராங்கொட்டையின் கறுப்புச் சாற்றை ஊசிமுனையால் தொட்டுத் துணியின் ஓரத்தில் குறி இடுவார்கள். எத்தனை வெளுப்புக்கும் போகாத கறை அது. மூன்று புள்ளி, ஒரு வளைகோடு, இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு கீறல் என்று வீட்டுக்கு ஒன்று. அது யாருடையது என்பது இட்டவருக்கு மட்டுமே தெரியும். தன் வீட்டுக் குறி எது என்பதையே பல வீட்டுக்காரர்கள் அறிந்திருக்கவில்லை. பணிக்கர் ஓவியத்தில் தேடியது, தனக்கே படிக்கத் தெரியாத எழுத்து, ஊரில் ஒவ்வொருவர் இடுப்பிலும் இருந்திருக்கிறது. ஊரையே குறிகளால் மனப்பாடமாக வைத்திருந்த அந்த மனிதரை அதே வீடுகள் எந்த வாசலோடு நிறுத்தின என்பதும் இந்தக் குறிக்குள் இருக்கிறது. விதி, உறவு என்று குழு கேட்ட இரண்டும் ஓர் அங்குலத் துணி மூலையில் சேர்ந்து கிடக்கும்போது அதை விட்டுவிட்டு மீனும் பாம்பும் ஏன்? இக்குறிகளைத் தெரிந்த முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஓவியர் அவர்களோடு உட்கார்ந்து கற்க வேண்டும், அதற்குரிய ஊதியத்தை ஓவியச் செலவிலேயே சேர்க்க வேண்டும்.

தாயத்தையும் கட்டத்தையும் கலந்து இரு தரப்பையும் சமாதானப்படுத்தலாம் என்றொரு யோசனை காதில் விழுந்தது. வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏழு நிறச் சதுரங்களின் மேல் நுண்ணிய எழுத்தை ஏற்றினால் எழுத்து மறையும், சதுரமும் கெடும். கேரளக் கோயில்களில் ஆண்டுதோறும் தரையில் களம் எழுதிக் கலைப்பது போலத் தற்காலிக ஓவியமே போதும் என்பதும் ஏற்கத்தக்கதன்று; அரிசிமாவும் மஞ்சளும் உமிக்கரியும் இலைப்பொடியும் கொண்டு எழுதும் அந்தக் கலைக்கு அதற்கான கோயிலும் குடும்பங்களும் உண்டு. அதைக் கூடத்து அலங்காரமாக இழுத்து வருவது முறையாகாது.

கடைசியாகச் சுவரைப் பற்றி. தேர்வு எதுவானாலும் நேரடியாகச் சுவரில் வரையக் கூடாது. மேற்குச் சுவர் என்பதால் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை முழு வீச்சில் அடிக்கும். புதுப் பூச்சில் ஈரம் இறங்கி உப்புப் பூத்தால் வண்ணம் செதிலாக உரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழியிலிருந்து கொண்டுவரும் செம்புழுதியும் சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் போகாது. நான்கரை அடி அகலத்தில் நான்கு மரச்சட்டங்கள், அவற்றின் மேல் பருத்தித் துணி, அக்ரிலிக் வண்ணம், மேலே பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி என்பது என் பரிந்துரை. பழுதானால் ஒரு சட்டத்தை மட்டும் கழற்றலாம். எழுத்து நுண்மையாக இருக்கப்போவதால் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் போகக் கூடாது. குழந்தைகளும் நாற்காலியில் இருப்பவர்களும் மூக்கை ஒட்டிப் பார்க்க முடிய வேண்டும். உயரத்தைக் குறைத்து ஐந்தடியாக்கினால் துணிச் செலவும் மிஞ்சும், அந்தத் தொகையை ஓவியரின் தேடலுக்குக் கொடுக்கலாம். குழுக் கூட்டம் சித்திரைக்குள் கூடி வாக்கெடுப்பு முடிந்தால், சட்டம் பொருத்தும் வேலையை மழைக்கு முன்பே முடித்துவிட முடியும் என்று தச்சர் சொல்லியிருக்கிறார்.